வகுபடாத வீடு

சதாசிவத்தின் கணினி எண்பத்தாறு லட்சம் இலக்கமுள்ள பகா எண் ஒன்றைக் கண்டுபிடித்த திங்கட்கிழமையிலிருந்து, அணுபுரத்தில் அவர்களுடைய குவார்ட்டர்ஸில் எதையும் இரண்டாக்க முடியாமல் போயிற்று. வெங்காயத்தின் மேல் கத்தி வழுக்கியது. பிட்ட இட்லி கையிலேயே மறுபடி ஒட்டிக்கொண்டது. மனைவி ராஜத்தின் பிரஷர் மாத்திரையைப் பாதியாக உடைக்க முடியவில்லை என்றதும் டாக்டர் குறைந்த அளவில் வேறு மாத்திரை எழுதிக்கொடுத்தார். பதினோரு வருடமாகப் படுக்கையறையில் அந்தக் கணினி ஓயாமல் இரைந்ததைச் சகித்தவளுக்கு இது பெரிதாகத் தெரியவில்லை. "ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர வேற எதாலயும் அது வகுபடாது, ராஜம்," என்றார் சதாசிவம், தப்புச் செய்தவர் மாதிரி. "சரி, சாப்பிட வாங்க," என்றாள்.

அந்த மாதக் கடைசியில் அவர் ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகள் வந்து பேசி முடித்தார்கள்: அப்பா மாமல்லபுரத்துக்கு, மகன் பாலாவோடு; அம்மா செங்கல்பட்டுக்கு, மகள் ரோகிணியின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள. ராஜத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றிருப்பாள். முப்பத்தாறு வருடக் குடித்தனத்துக்குப் பிறகு, யாருக்கும் காத்திராமல் தூங்கினால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

கிளம்பிய அன்று இரண்டு கார்களும் நகரவில்லை. "வீலு சுத்திகினுதான் கீது மேடம், வண்டி நின்ன எடத்துலயே கீது. இன்னா பேஜாரு இது!" என்றான் ராஜத்தை ஏற்றிய டிரைவர் ஃபர்தீன். மறுநாள் அவள் பஸ் ஏறினாள். கால் மணி நேரம் கியர் மாற்றியும் பஸ் நிறுத்தத்தைத் தாண்டவில்லை. நாற்பது பேருக்கு ஆபீஸ் தாமதமானதால் கண்டக்டர் அவளை இறக்கிவிட்டார். பஸ் உடனே போய்விட்டது.

ராஜம் பக்கத்துச் சிறுபாலத்தின் கட்டைச்சுவரில் உட்கார்ந்து அழுதாள். சதாசிவம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்த நம்பரை அழிச்சுடட்டுமா?"

"அழிச்சா போயிடுமா?"

"போகாது. யாரும் பாக்காட்டியும் அது பகா எண்தான்."

"அப்ப விடுங்க. மிஷினை மட்டும் யாருக்காவது குடுத்துடுங்க."

இருவரும் ஒரே காரில் ஏறினார்கள்; கார் கிளம்பியது. பிள்ளைகளின் ஃப்ளாட் எதிலும் இருவருக்கும் சேர்த்து இடமில்லாததால் அச்சரப்பாக்கத்தில் இரண்டு அறை வீடு வாடகைக்குப் பிடித்தார்கள். ஆளுக்கு ஒரு அறை என்று ராஜம் முதல் நாளே சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் நடுச்சுவர் இல்லை. வீட்டுக்காரர் ஜெபகுமார் வந்து, ஒரு செங்கல்கூட விழவில்லையே என்று தரையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். ராஜம் அந்த நீள அறையின் ஒரு கோடியில் தன் கட்டிலையும் மறுகோடியில் அவருடையதையும் போடச் சொன்னாள். பிறகு படுத்து, மத்தியானம் மூன்று மணி வரை தூங்கினாள். எழுந்தபோது சதாசிவம் சோறு வடித்து, முழுக் கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்திருந்தார். உப்பு கொஞ்சம் கூடுதல்தான். சாப்பிட்டாள்.