நெவ்ரோஸ் யார்?

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் யாரோ விறகு அடுக்கி வைத்திருந்தார்கள். காய்ந்த உடைமரக் கட்டைகள், தென்னை மட்டை, உடைந்த கட்டில் கால் ஒன்று. மேலே பழைய தார்ப்பாயைப் போட்டு, காற்றில் பறக்காமல் செங்கல்லும் வைத்திருந்தது. துணி காயப்போட வந்த ஷம்ஸியா ஈரச் சேலையைத் தோளில் போட்டபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டில் விறகு எரித்துப் பல வருடம் ஆகிறது. இருப்பதோ இரண்டே பேர். ஒருத்தி அவள். இன்னொருத்தி அவள் தம்பி ஜீஷானின் மனைவி ஷிலான்.

மத்தியானம் சோறு போடும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

"மாடிக்குப் போனியாளா?"

"இல்ல, மைனி" என்றாள் ஷிலான், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

அந்தப் பொய்தான் ஷம்ஸியாவைப் பிடித்துக்கொண்டது. விறகுக்குக் கூட ஏதாவது காரணம் இருக்கலாம். பொய்க்கு என்ன காரணம்?

ஷம்ஸியா மேலப்பாளையத்தில் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டு புர்கா தைப்பவள். உம்மாவும் வாப்பாவும் மவுத்தான பிறகு ஜீஷானை அவள்தான் வளர்த்து ஆளாக்கினாள். அவன் இராக்கில் எர்பில் என்ற ஊருக்கு ஹோட்டல் வேலைக்குப் போனவன், அதே ஹோட்டலில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த குர்துப் பெண் ஒருத்தியை நிக்காஹ் முடித்துக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். சிரியாவில் சண்டை வந்தபோது ஊரை விட்டு ஓடி வந்த குடும்பம் அவளுடையது. இப்போது ஜீஷானுக்கு மஸ்கட்டில் வேலை. அவளை அங்கே கூப்பிட்டுக்கொள்ள இன்னும் வழி பிறக்கவில்லை. அதனால் ஒரு வருடத்துக்கு மேலாக ஷிலான் மைனியோடுதான் இருக்கிறாள்.

குற்றம் சொல்ல முடியாத பெண். ஐந்து வேளையும் தொழுவாள். தட்டுத் தடுமாறித் தமிழ் பேசுவாள். ஆனாலும் வெளிநாட்டுக்காரி என்று போலீஸ்காரர் ஒருவர் வந்து விசாரித்துவிட்டுப் போனதிலிருந்து தெரு அவள்மேல் ஒரு கண் வைத்திருந்தது. ஷம்ஸியாவும் வைத்திருந்தாள், தனக்கே தெரியாமல்.

விறகைப் பார்த்த பிறகு காது கூர்மையாகிவிட்டது. சாயங்காலமானால் ஷிலான் போனை எடுத்துக்கொண்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளே அவள் பாஷையில் பேச்சு. சில சமயம் அழுகை. ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. நெவ்ரோஸ். நெவ்ரோஸ்.

ஷம்ஸியா இதைச் சொன்னதும் பக்கத்து வீட்டு ஹமீது பீவி மிஷினுக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்து கேட்டாள்.

"யாருகிட்ட பேசுதா?"

"அவ உம்மாகிட்டன்னு சொல்லுதா."

"பெத்த உம்மாகிட்ட பேச கதவ எதுக்கு அடைக்கணும்? நெவ்ரோஸ்னா ஆம்பளப் பேருல்லா. பம்பாய்ல எங்க மச்சான் மொதலாளிக்கு அதே மாதிரி ஒரு பேரு உண்டு."

ஷம்ஸியாவின் கால் மிஷின் மிதிகட்டையிலேயே நின்றுவிட்டது. அந்தப் பேரைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அவளுக்கு உடனே பட்டது. ஆனால் அதற்குள் விறகையும் சொல்லியிருந்தாள்.

"வெறகா?" ஹமீது பீவி குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பக்கத்துல நெருப்பக் கும்புடுத கூட்டம் ஒண்ணு உண்டுன்னு கேட்டிருக்கேன். நோன்பு வரப்போவுது. நம்ம தெருவுல அந்த மாதிரி எதுவும் நடந்துறக் கூடாது, பாத்துக்கோ."

வெள்ளிக்கிழமை ஷிலான் மருந்துக்கடைக்குப் போவதாகச் சொல்லிப் புறப்பட்டாள். மருந்துக்கடை தெருமுனையில் இருந்தது. அவள் அதைத் தாண்டி நடந்து, டவுன் வழியாகப் பேட்டை போகும் பஸ்ஸில் ஏறினாள். பின்னால் வந்த ஷம்ஸியா ஓர் ஆட்டோவை நிறுத்தினாள்.

"அந்த பஸ்ஸு பின்னாலயே பைய போங்க அண்ணே."

பேட்டையில் இறங்கிய ஷிலான் பழக்கப்பட்டவள் போல ஒரு சந்துக்குள் திரும்பி, கொல்லுப்பட்டறை ஒன்றின் முன்னால் நின்றாள். உள்ளேயிருந்து நரைத்த மீசைக்காரர் ஒருவர் வந்தார். வாசல் பலகையில் வன்னியராஜ் என்று எழுதியிருந்தது. ஷிலான் போனில் எதையோ காட்டினாள். அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து ஷம்ஸியா பார்த்ததில்லை. பிறகு ஷிலான் பட்டறைக்குள் போய், இரும்பை வைத்து அடிக்கும் பட்டடையின்மேல் உள்ளங்கையை வைத்து ஒரு நிமிடம் கண்ணை மூடி நின்றாள். திரும்பும்போது அவள் சொன்னது ஆட்டோ வரைக்கும் கேட்டது.

"திங்கக்கிழமை கட்டாயம் வேணும்."

ஷம்ஸியா ஆட்டோவைத் திருப்பச் சொன்னாள். திங்கட்கிழமை என்ன? யாரோடு? எங்கே?

வீட்டுக்கு வந்ததும் தம்பிக்குப் போன் போட்டாள். விறகைச் சொன்னாள், அழுகையைச் சொன்னாள், மருந்துக்கடைப் பொய்யைச் சொன்னாள், பேட்டையைச் சொன்னாள். "ரெண்டு பேரும் கொஞ்ச நாளாப் பழக்கம் போலத்தான் தெரியுது" என்று பார்க்காததையும் சேர்த்துச் சொன்னாள். நெவ்ரோஸ் என்ற பேரை மட்டும் சொல்லவில்லை. அன்னிய ஆணின் பேரைச் சொல்லித் தம்பியை நோகடிக்க வேண்டாம் என்று நினைத்தாள். சொல்லியிருந்தால் எர்பிலில் வருடக்கணக்கில் இருந்த ஜீஷான் அந்த நிமிடமே சிரித்திருப்பான்.

"நீயே பாத்தியா, லாத்தா?" என்று மட்டும் கேட்டான்.

"என் கண்ணால பாத்தேன்."

அன்று இரவு ஷிலானின் அறைக்குள் அவன் குரல் போனில் கத்துவது வெளியே கேட்டது. காலையில் அவள் கண் வீங்கியிருந்தது. ஆனால் ஷம்ஸியாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயா போட்டு வைத்துவிட்டு வழக்கம்போல வாசலைப் பெருக்கினாள். அந்த அமைதி ஷம்ஸியாவின் சந்தேகத்தை இன்னும் கெட்டியாக்கியது.

திங்கட்கிழமை அஸர் தொழுகை முடிந்த நேரம், வாசலில் ஒரு சரக்கு ஆட்டோ வந்து நின்றது. வன்னியராஜ் இறங்கினார். ஆட்டோவில் இரும்புக் கம்பியால் செய்த பெரிய கூடை ஒன்று, அடியில் நான்கு கால்களோடு.

"இந்த அம்மா கேட்டாவ. மாடித் தளத்துல நேரா நெருப்புப் போட்டா வெடிச்சிரும்லா? அதான் கால் வச்சு அடிச்சிருக்கேன்" என்றார். பிறகு ஷம்ஸியாவைப் பார்த்து, "நல்ல காரியம்மா. அவங்க ஊர்ல கொல்லனுக்குன்னு ஒரு திருநாளாம். இத்தனை வருசம் இந்தத் தொழில்ல இருக்கேன், இப்பிடி ஒண்ணு கேள்விப்பட்டதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஷிலான் கூடையைத் தானே தூக்கிக்கொண்டு படியேறினாள். ஷம்ஸியா கீழேயே நின்றாள். கொல்லன் திருநாளா? அது என்ன கதை? இதுவும் ஷிலான் சொல்லிக்கொடுத்துப் பேசுகிறாரோ?

பொழுது சாய்ந்து மஃரிபு தொழுத கையோடு புகை வாடை வந்தது. ஷம்ஸியா படிகளில் ஓடினாள். கூடைக்குள் தீ ஆளுயரம் எழுந்து நின்றது. எதிரே ஷிலான், தொழுகைக்குத் தலையை மூடிப் போட்ட மக்கனாவோடு.

"ஏளா, என்ன பண்ணுத? நெருப்பக் கும்புடுதியா?"

"கும்பிடல, மைனி. தாண்டுவோம். எங்க வாப்பா அஞ்சு நேரம் தொழுவார். தொழுதுட்டு வந்து தாண்டுவார்."

"யாரு அந்த நெவ்ரோஸ்? உண்மையச் சொல்லு."

ஷிலான் புரியாமல் பார்த்தாள். பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வருவது போலிருந்து, வராமல் போனது.

"ஆள் இல்ல. நெவ்னா புதுசு. ரோஸ்னா நாள். எங்க வருசப் பிறப்பு. நாளைக்கு."

ஷம்ஸியா நம்பவில்லை. "வருசம் பொறக்கதுக்கு எதுக்குத் தீ?"

ஷிலான் ஒரு கட்டையைத் தள்ளிவிட்டுக்கொண்டே சொன்னாள். முன்னொரு காலத்தில் கொடிய அரசன் ஒருவன் இருந்தான். அவன் இரண்டு தோளிலும் பாம்பு முளைத்திருந்தது. பாம்புகளுக்குத் தினமும் இரண்டு இளைஞர்களின் மூளை தீனி. அவன் இருந்தவரை அந்த நாட்டுக்கு வசந்தமே வரவில்லை. அரண்மனைச் சமையல்காரர்கள் இரக்கப்பட்டு, இருவரில் ஒருவனைக் கொல்லாமல் விட்டு ஆட்டு மூளையைக் கலந்து கொடுத்தார்கள். தப்பியவர்களை மலைக்கு அனுப்பினார்கள்.

"மலைக்குப் போன அந்தப் பையன்கதான் நாங்க. குர்து" என்றாள். "காவான்னு ஒரு கொல்லன். அவன் பிள்ளைக எல்லாம் போச்சு. கடைசிப் பிள்ளைய கேட்டாங்க. குடுக்கல. சுத்தியல எடுத்துட்டுப் போனான். ராஜாவ அடிச்சான். எல்லாருக்கும் தெரியணும்னு மலைல தீ போட்டான். மறுநாள் வசந்தம் வந்துச்சு."

"இதெல்லாம் நடந்ததா?"

"தெரியாது. உம்மா, பாம்பு எல்லாம் சும்மா கதைன்னு சொல்லும். பகலும் ராத்திரியும் சமமா வர்ற நாள், குளிர் போயிடுச்சு, அந்தச் சந்தோசத்துக்குத் தீ. அதான் பழசுன்னு சொல்லும். உம்மா இப்ப மலை ஏற முடியாது. நீ அங்க போடுன்னு அழுதா. அதான் போட்டேன்."

"இத என்கிட்ட சொன்னா என்ன? வெறக எதுக்கு ஒளிக்கணும்? பொய் எதுக்கு?"

ஷிலான் இன்னொரு கட்டையைப் போட்டாள். தீ வெடித்துப் பொறி பறந்தது.

"சிரியால எங்க ஊர்ல இந்தத் தீ போடக் கூடாது. போலீஸ் வரும். யாருகிட்டயும் சொல்ல மாட்டோம், பழக்கம் அது. எங்க அண்ணன் போட்டான். கூட்டிட்டுப் போனாங்க. வரல. போலீஸ்ல சொல்லிக் குடுத்தது பெரியப்பா பொண்ணு. கெட்டவ இல்ல. சந்தேகம். பயம். அவ்வளவுதான்." அவள் ஷம்ஸியாவை நேராகப் பார்த்தாள். "பேட்டைல உங்கள பாத்தேன், மைனி. ஆட்டோக்குள்ள இருந்தீங்க."



கீழே கதவு தட்டும் சத்தம் கேட்டு இருவரும் எட்டிப் பார்த்தார்கள். பள்ளிவாசல் ஜமாஅத்தில் இருக்கும் அகமது மீரான் காக்காவும், அவருக்குப் பின்னால் ஹமீது பீவியும் நின்றார்கள். ஷிலானின் முகம் வெளுத்தது. மாடிச் சுவரோரம் ஒதுங்கினாள். அந்த ஒதுங்கலை ஷம்ஸியா பார்த்தாள். இந்த ஆட்களை வரவழைத்தது வேறு யாருமில்லை, அவளேதான்.

இறங்கிப் போய்க் கதவைத் திறந்தாள்.

"என்ன பொக, ஷம்ஸியா? என்னென்னமோ கேள்விப்படுதோம்" என்றார் அகமது மீரான்.

"நான்தான் காக்கா சொல்லித் திரிஞ்சேன். தப்பாச் சொல்லிட்டேன். அவங்க ஊரு வருசப் பொறப்பு. கும்புடல, ஒண்ணுமில்ல. மேல வந்து பாருங்க."

அவர் வந்து பார்த்தார். தீயைச் சுற்றி ஒருமுறை நடந்தார். ஷிலான் மக்கனாவை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள்.

"மஃரிபு தொழுதியாம்மா?"

"தொழுதேன்."

"ம்." அவருக்கு முழுதாக நம்பிக்கை வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் காரணம் கிடைக்கவில்லை. "சீக்கிரம் அணச்சிருங்க. பக்கத்துல ஓலைக் கொட்டகை இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கினார். ஹமீது பீவி மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஷம்ஸியா அங்கேயே நின்று தம்பிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரைப் போட்டாள். "ஜீஷான், நான் பாத்தேன்னு சொன்னதுல பாதிய நான் பாக்கல. இன்னைக்கு அவ நெவ்ரோஸுக்குத் தீ போட்டிருக்கா. அவ்வளவுதான்."

"நெவ்ரோஸா? எனக்கு எப்படி மறந்துச்சு?" என்றான். ஷிலானின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவள் போனைக் கையில் வாங்கவில்லை. தீ தாழ்ந்ததும் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டினாள். தனியாக, மூன்று முறை. ஷம்ஸியாவைக் கூப்பிடவில்லை.

மறுநாள் ஷிலான் சாம்பலை அள்ளித் தளத்தைக் கழுவினாள். ஜீஷானோடும் சில நாளில் பேசத் தொடங்கினாள். வீட்டில் எல்லாம் பழையபடி நடந்தது, ஒன்றைத் தவிர. எங்கே புறப்பட்டாலும் ஷிலான் வாசலில் நின்று, யாரும் கேட்காமலே சொல்வாள்.

"மருந்துக்கடைக்குப் போறேன், மைனி. தலைவலி மாத்திரை. உடனே வந்துடுவேன்."

போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுபவள் சொல்வது போல இருக்கும். "நான் கேக்கலியேளா" என்பாள் ஷம்ஸியா. அவள் தலையை ஆட்டிவிட்டுப் போவாள். மறுநாளும் அப்படியே சொல்வாள்.

நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு காலை, ஷம்ஸியா நூல் வாங்கப் புறப்பட்டவள் வாசலில் நின்றாள். உள்ளே திரும்பி, "ஷிலான், டவுனுக்குப் போறேன். நூல் வாங்கணும். மத்தியானத்துக்குள்ள வந்துருவேன்" என்றாள்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஷிலான் நிமிர்ந்தாள்.

"எந்தக் கடை, மைனி?"

கேலியா, விசாரணையா என்று ஷம்ஸியாவுக்குப் பிடிபடவில்லை. செருப்பை மாட்டிய காலோடு நின்று கடைப் பேரைச் சொன்னாள்.