நாலு மணிப் பனி

அந்த மலை நகரத்தில் கதைக்கு இருக்கிற மரியாதை நிஜத்துக்குக் கிடையாது. அந்த ஊரை வைத்து எழுதப்பட்ட நாவலின் கதாநாயகி வழுக்கி விழுந்த படிக்கட்டுக்கு நகராட்சி கைப்பிடி போட்டுக் கொடுத்தது. நிஜமாகவே அங்கே விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட தபால்காரரை எட்டிப் பார்க்க ஆளில்லை. கதாநாயகி பேருக்கு இன்னும் கடிதங்கள் வருகின்றன. அவற்றைப் போட்டுவைக்கத் தபால் நிலையத்தில் தனியாக ஒரு மரப்பெட்டி இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த நடைப்பாலம். தினமும் நாலு மணிக்கு மூடுபனி பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்து, பாலத்தில் நிற்கும் காதலர் இருவரையும் உலகத்தின் கண்ணிலிருந்து மறைத்துவிடும் என்கிறது நாவல். வாசகர்கள் எங்கெங்கிருந்தோ வந்து நாலு மணிக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். பனி வராது. அது ஐந்தரைக்கு வரும் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் புத்தகத்தை எதிர்த்து யார் வாயைத் திறப்பது? “அந்தக் காலத்துல நாலுக்குத்தான் வந்துச்சு, இப்போ காலம் கெட்டுப்போச்சு” என்று சொல்லி ஊரே ஒன்றாகச் சமாளித்துக்கொண்டிருந்தது.

அந்தக் காலத்திலும் ஐந்தரைக்குத்தான் வந்தது என்று தெரிந்தவள் ஒருத்திதான். வானிலை நிலையத்தில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். அவளுடைய ஒரே மகள்தான் வாசகர்களைப் பாலத்துக்கு அழைத்துப் போகும் வழிகாட்டி. விதி இப்படியெல்லாம் விளையாடும்.

அன்று மகள் மூச்சிரைக்க வீட்டுக்கு வந்தாள்.

“அம்மா, நீ கொஞ்சம் பாலத்துக்கு வா. படக்காரங்க மூட்டை கட்டறாங்க. வானிலை ஆபீஸ்ல இருந்தவங்களைக் கேக்கணுமாம்.”

அந்த நாவலைப் படமாக எடுக்க வந்த குழு மூன்று நாளாக நாலு மணிக்குக் கேமராவை வைத்துவிட்டுக் காத்திருந்தது. இயக்குநர் ஒல்லியாக, பிடிவாதமாக ஒரு பெண். புகை போடும் யந்திரத்தைத் தொட மாட்டேன், புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் என்று ஒற்றைக் காலில் நின்றாள். இன்றும் வராவிட்டால் நாலு மணிக்குப் பனி வருகிற வேறு மலையைத் தேடிப் போவதாகச் சொல்லிவிட்டாள்.

“அவங்க போயிட்டா அப்புறம் எல்லாரும் அந்த மலைக்குத்தான் போவாங்க. என் பொழப்பு அவ்வளவுதான்” என்றாள் மகள்.

அம்மா சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

பாலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலேகால் ஆகியிருந்தது. வானம் துடைத்துவிட்டது போலக் கிடந்தது. இயக்குநர் எழுந்து வந்து நேராகக் கேட்டாள்.

“அம்மா, எழுத்தாளர் இங்க தங்கியிருந்த வருஷம் பதிவேடு எழுதினது நீங்கதானாம். நிஜமாவே நாலு மணிக்குப் பனி வந்துச்சா?”

ஆமாம் என்றால் இவர்கள் வேறு மலைக்குக் கிளம்பிவிடுவார்கள். இல்லை என்றால் புத்தகத்தில் நாலு எப்படி வந்தது என்று அடுத்த கேள்வி வரும், மகள் பக்கத்தில் நிற்கிறாள். அம்மா பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“இல்லம்மா. அப்பவும் அஞ்சரைதான். நாலுன்னு அவர்கிட்ட சொன்னது நான்.”

அந்த வருஷம் எழுத்தாளர் வானிலை நிலையத்துக்கு எதிர் விடுதியில் அறை எடுத்திருந்தார். ஒருநாள் குடையை மடக்கியபடி நிலையத்துக்குள் வந்து, பாலத்துக்குப் பனி எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார். பதிவேடு முன்னால் திறந்தே இருந்தது. அவளுக்கு இருபத்தொரு வயசு, வேலை முடிவது நாலு மணி. வாய் தானாக நாலு என்றது. முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் சொன்ன ஒரே தவறான முன்னறிவிப்பு அது.

“வேலை முடிஞ்சு வர்றப்ப அவர் அங்க நிக்கணும்னு ஆசை. பதினோரு நாள் வந்து நின்னார். நானும் நின்னேன். பேசிட்டிருப்போம். அப்புறம் அவர் ஊரைவிட்டுப் போயிட்டார்.”

“அம்மா” என்றாள் மகள், மெதுவாக. “அப்பாவுக்குத் தெரியுமா?”

“ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க நான் ஓடி வர்றது தெரியும். அவர்தானே டிரைவர்.”

மகளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அம்மாவுக்கோ பழைய கோபம் தலைதூக்கியது.

“பதினோரு நாளும் அஞ்சரைக்குப் பனி வர்றதைக் கண்ணால பார்த்த மனுஷன். ஒரு நாளாவது கடிகாரத்தைப் பார்த்திருக்கக் கூடாதா? நான் சொன்னதை அப்படியே எழுதி வெச்சுட்டார். என்னை எங்க கவனிச்சிருக்கப் போறார்னு நெனச்சுக்கிட்டேன்.”

இயக்குநர் பையைத் துழாவி ஒரு தாளை எடுத்து நீட்டினாள். எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதியின் நகல். அவர் இறந்த பிறகு குடும்பத்தார் கொடுத்ததாம்.

“இதைப் பாருங்க. முதல்ல அஞ்சரைன்னுதான் எழுதியிருக்கார். அப்புறம் அடிச்சுட்டு நாலுன்னு போட்டிருக்கார். பதினேழு இடத்துல இப்படி. தெரிஞ்சுதான் மாத்தியிருக்கார். ஏன்னு எங்களுக்குப் பிடிபடல.”

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். அடித்த கோட்டின் மேல் விரலை வைத்தாள்.

“பனி வந்ததும் நீங்க என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டாள் இயக்குநர்.

“என்ன பண்றது, பஸ்ஸுக்கு நேரமாயிடுமே. கிளம்பிடுவேன்.”

சொல்லி முடித்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. பனி வந்த நேரமெல்லாம் அவர் தனியாகத்தான் நின்றிருக்கிறார். அவளை நிறுத்திவைக்க முடியாத மனுஷர், பனியை முன்னால் இழுத்து வைத்துவிட்டார். நாற்பது வருஷம் அநியாயமாக ஒருவரைத் திட்டிக்கொண்டிருந்தோமே என்று அம்மாவுக்குக் கண் நிறைந்தது. மகள் வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

இயக்குநர் மூட்டைகளை அவிழ்க்கச் சொன்னாள். ஐந்தரைக்குப் பள்ளத்தாக்கிலிருந்து அது ஏறி வந்தது, அவசரமே இல்லாமல். முதலில் மரங்கள் போயின, பிறகு விடுதி, பிறகு பாலத்தின் அந்த முனை. நடுவில் நின்ற நடிகைக்கு இதெல்லாம் பழக்கமில்லை. கால் தானாக ஓரடி பின்னால் போனது.

இயக்குநர் வாய் திறக்கும் முன்னால், கேமராவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“போகாதம்மா. அங்கேயே நில்லு.”