சைரன் அக்காவின் அழுகை

ஒலிப்பதிவு அறைக்குள் நுழைந்ததும் அம்மா வளையல்களைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். மைக் முன்னால் கை அசைந்தால் அந்தச் சத்தமும் சேர்ந்து பதிவாகிவிடும். டப்பிங் என்றால் துவைத்துத் துவைத்துத் தொய்ந்துபோன பழைய புடவையைத்தான் கட்டுவாள், அதுவும் அதற்காகத்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் எழுந்து நின்று, "வாங்கக்கா, இன்னிக்கு எங்க வயிறு புண்ணாகப் போகுது" என்றார். அம்மா சிரித்தாள். எனக்குத்தான் அந்த மனுஷனை நறுக்கென்று ஏதாவது கேட்டுவிடலாமா என்றிருந்தது. ஆனால் பாவம், அவருக்கு என்ன தெரியும்?

ஊருக்கெல்லாம் அம்மா சைரன் அக்கா. என் வயதைவிட அதிக வருஷங்களாக அவள் சினிமாவில் அழுதுகொண்டிருக்கிறாள். வாடகை கேட்டு வரும் வீட்டுக்காரி, கல்யாணத்தைக் கெடுக்கிற அத்தை, ஹீரோவை ஒருதலையாகக் காதலிக்கிற ஹாஸ்டல் வார்டன் என்று வேஷம் எதுவானாலும் படத்துக்கு ஓர் அழுகை கட்டாயம் உண்டு. அடித்தொண்டையில் ஆரம்பித்து, மில் சங்கு மாதிரி ஏறிக்கொண்டே போய், உச்சியில் ஒரு விக்கலோடு பட்டென்று அறுந்துவிடும். அடுத்த நொடியே ஒன்றும் நடக்காததுபோல, "சாப்பிட என்ன இருக்கு?" என்பாள். தியேட்டர் அதிரும். அது யோசித்துச் செய்த வித்தை என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். வித்தையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. முதல் படத்தில் மேடைப்பலகை சரிந்து காலில் விழுந்து, வலி தாங்காமல் நிஜமாகவே அழுதிருக்கிறாள். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அன்றோடு அவளுடைய சொந்த அழுகை தொழிலுக்குப் போய்விட்டது. அதில்தான் நாங்கள் சாப்பிட்டோம், படித்தோம். அண்ணனுக்கு பைக் வாங்கிக் கொடுத்ததும் அதில்தான்.

போன மழைக்காலத்தில் அண்ணன் அந்த பைக்கோடு லாரிக்கு அடியில் போய்விட்டான்.

அம்மா படப்பிடிப்பிலிருந்து நேராக வந்தாள். கன்னத்தில் ஒட்டிய பெரிய மருவைக்கூடப் பிய்த்தெறியத் தோன்றவில்லை. அதற்குள் தெரு நிறையக் கூட்டம், ஜன்னல் கம்பிகளுக்கிடையில் முகம் முகமாக. அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, அவன் நெற்றியைத் தொட்டு, வாயைத் திறந்தாள். அடித்தொண்டையில் ஆரம்பித்த குரல் ஏறியது. உச்சிக்குப் போய் விக்கியது. ஜன்னலுக்கு வெளியே யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். யாரோ "உஷ்" என்றார்கள். அதைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் அடக்க முடியாமல் சிரித்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். விலாவில் கை பட்டால் கூச்சம் வருகிற மாதிரி, அந்தக் குரல் கேட்டால் அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது, அவ்வளவுதான். அம்மா நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். அதன் பிறகு அவள் அழவில்லை. என்னிடம்கூட அழவில்லை. கொஞ்ச நாளில் வேலைக்குப் போய், பாதியில் விட்டு வந்த படத்துக்கு மிச்சமிருந்த சைரனை அழுது கொடுத்துவிட்டு வந்தாள். முதல் டேக்கே ஓகே என்றார்கள். அன்று ராத்திரி நான்தான் அழுதேன்.

அப்புறம்தான் இந்த டைரக்டர் வந்தார். அம்மாவின் படங்களில் உதவி டைரக்டராகக் கிளாப் அடித்து வளர்ந்தவர். "மகன் தொழிற்சாலைத் தீயில போயிட்டான்னு கேக்கிற அம்மா வேஷம்கா. சைரன் வேணாம். நீங்க அழுதா போதும்" என்றார். அவ்வளவு வருஷத்தில் அம்மாவிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. படப்பிடிப்பன்று செய்தி சொல்கிறவர் சொன்னார், அம்மா வாயைத் திறந்தாள். சத்தமே வரவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது. கழுத்து நரம்பு புடைத்தது, முகம் கோணியது, நாக்கு ஏதோ பெயரைச் சொல்லப் பார்த்தது. டைரக்டர் கட் சொல்ல மறந்துபோய் பிலிம் தீரும்வரை கேமரா ஓடியது. காரில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்குத்தாண்டி அவனுக்காக அழுதேன்" என்றாள்.

படம் முடிந்து, விநியோகஸ்தர் ஒரு தியேட்டரில் பொதுஜனங்களை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார். அம்மா முகம் வந்ததுமே சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. வாயைத் திறந்ததும் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். சத்தம் வரவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவன் பொறுமை இழந்து, தானே சைரனை ஊதிவிட்டான். தியேட்டர் கூரை பிய்த்துக்கொண்டு போகாத குறை. விநியோகஸ்தர் ஒரே வார்த்தைதான் சொன்னார். ஒன்று சைரனைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் காட்சியை எடுத்துவிட வேண்டும்.

டைரக்டர் வீட்டுக்கு வந்து, கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். "வெட்டிடறேன்கா. அதுல போய் அந்தக் குரலை ஒட்டி உங்களை அசிங்கப்படுத்த மாட்டேன்."

"வெட்டினா அந்தத் துண்டு எங்க போகும் தம்பி?"

"எங்க போகும்... குப்பைக்குத்தான்."

அம்மா தண்ணீர்த் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். "சைரனையே போட்டுக்க. முகம் இருக்கட்டும்."

அவர் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "உனக்கு மானம் ரோஷமே கிடையாதாம்மா? அவன் சாவையும் வச்சுச் சிரிக்க வைக்கணுமா?"

அம்மா கோபப்படவில்லை. "சிரிக்கிறவங்க சிரிச்சுட்டுப் போறாங்கடி. நான் அவனுக்காக அழுதது இந்த உலகத்துல அந்த ஒரு இடத்துலதான் இருக்கு. அதைக் குப்பையில போடச் சொல்றியா?"

இதோ, கூடவே வந்து இந்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன்.

டப்பிங்கில் காட்சியைத் துண்டாக வெட்டி, இரண்டு முனையையும் ஒட்டி வளையமாக்கி ஓட்டுவார்கள். உதட்டசைவுக்குக் குரல் பொருந்துகிறவரை அதே துண்டு திரும்பத் திரும்ப வரும். விளக்கு அணைந்தது. அம்மா வாய் திறந்தாள், திரையில். மைக் முன்னால் நின்றவள் திறக்கவில்லை. "பரவால்லக்கா, அடுத்த ரவுண்டு" என்றார் ஒலிப்பதிவாளர். அடுத்த சுற்றும் போனது. எந்தப் படத்திலும் ஒரே தடவையில் முடிக்கிறவள். பிறகு ஒருமுறை இருமினாள், தோளை நிமிர்த்தினாள், அடித்தொண்டையில் ஆரம்பித்தாள். குரல் ஏறியது. திரையில் கழுத்து நரம்பு புடைத்த இடத்தில் உச்சிக்குப் போய், முகம் கோணிய இடத்தில் விக்கியது. அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்துவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் அந்த மனுஷன் மேஜையில் கவிழ்ந்து, முதுகு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அண்ணன் மேல் ஆணையாக, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"பிரமாதம்கா! ஓகே. கிளம்பலாம்."

அம்மா நகரவில்லை. "தம்பி, இன்னொரு தடவை ஓட்டு."

"நல்லாவே வந்திருக்கேக்கா?"

"பேசறதுக்கு இல்ல. மைக்கை அணைச்சிடு. என் குரல் எதுவும் வேணாம். சும்மா ஓட்டு."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

மறுபடி விளக்கு அணைந்தது. திரையில் அவள் செய்தி கேட்டாள், வாய் திறந்தது, முடிந்தது, மறுபடி முதலிலிருந்து கேட்டாள். அம்மா மைக்கை ஒதுக்கிவிட்டுத் திரைக்கு அருகில் போய் நின்றாள். வளையம் சுற்றிச் சுற்றி வந்தது. எத்தனையாவது சுற்றில் என்று தெரியாது, அந்தப் பெரிய வாய் திறந்தபோது, கீழே நின்றவளின் வாயும் மெல்லத் திறந்தது.