செங்கல் இருந்த இடம்

கரண்டு போனபோது மாவு மில்லின் வரிசையில் எனக்கு முன்னால் ஒரே ஒரு பேசின்தான் மிச்சம். பச்சை நிறம். ஃபைனெசி அக்காவுடையது.

இருட்டோடு வந்து என் சிவப்பு பேசினை வரிசையில் வைத்துவிட்டு, கருவாடும் பூசணி இலையும் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தேன். எங்கள் கசுங்கு ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஆள் நிற்க வேண்டியதில்லை, பாத்திரம் நின்றால் போதும். ஒன்பது மணிக்குத் திரும்பினால், காலையில் இல்லாத பச்சை பேசின் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது.

"இது எப்பக்கா முளைச்சுது?"

"முளைக்கலடி. நேத்து பொழுது சாயும்போதே செங்கல் வச்சு இடம் பிடிச்சிட்டேன். எவளோ அதை எத்தி விட்டுட்டா."

"எந்தச் செங்கல்?"

"கேக்குறா பாரு, ஒண்ணும் தெரியாத பச்சப் புள்ள!"

பெண்கள் சிரித்தார்கள். சுவர் ஓரமாக உடைந்த செங்கல் ஒன்று கிடக்கத்தான் செய்தது. இருட்டில் என் காலில் ஏதோ தட்டியது நினைவிருக்கிறது. அது செங்கல்லா, வெறும் கல்லா? நானாகத் தள்ளினேனா, தானாக உருண்டதா? யோசிக்க யோசிக்க இரண்டுமே நடந்ததுபோல் இருந்தது.

எனக்கோ அவசரம். என் தங்கை தியஞ்சனேயைப் பேசி முடிக்க, மாப்பிள்ளையின் தாய்மாமன்மார் இரண்டு பேர் நடுப்பகலுக்கு வருகிறார்கள். மக்காச்சோள மாவுக் களியான சிமாவைக் கிளறிப் போடாவிட்டால், வேறு எது போட்டாலும் பட்டினி போட்ட கணக்குத்தான். கடை மாவும் ஆகாது. பெண்ணுக்கு மாவுப் பக்குவம் தெரியாது என்று எழுந்து போய்விடுவார்கள். தியஞ்சனே மூன்று நாள் ஊறவைத்து, கழுவி, காயவைத்த வெள்ளை மக்காச்சோளம் அந்த பேசினில் இருந்தது.

மில்காரர் பிஸ்விக் புருவமெல்லாம் மாவாக வெளியே வந்தார்.

"எப்ப வரும்ணே?"

"என்னைக் கேட்டா? போன கரண்டு சொல்லிட்டாம்மா போச்சு?"

"வீட்டுல விசேஷம்ணே."

"உள்ள போயி மெஷின்கிட்ட சொல்லிப் பாரு. நான் சொன்னா கேக்க மாட்டேங்குது."

பதினொன்று ஆயிற்று. எனக்குக் கோபம் ஏறிவிட்டது. ஃபைனெசியின் பேசினைக் காலால் தள்ளிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்போதுதான் வரிசைக் கடைசியில் ஒருத்தி காலித் தகரத்தைக் கவிழ்த்துத் தட்ட ஆரம்பித்தாள். உலக்கை விழுகிற கணக்கில், நிதானமாக. ஃபைனெசி அக்கா கண்ணை மூடிக்கொண்டு உரல் பாட்டை எடுத்தாள்.

"செங்கல்லுக்கு வாயில்ல, எத்துனவளுக்குக் கண்ணில்ல…"

"ஏ… கண்ணில்ல!" என்றார்கள் எல்லோரும்.

உரல் பாட்டில் மாமியாரைத் திட்டலாம், புருஷனைத் திட்டலாம். பதிலும் பாட்டிலேயேதான் சொல்ல வேண்டும். பாட்டு முடிந்தபின் அதைப் பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போகக் கூடாது. எனக்குக் குரல் வளம் கிடையாது. ஆனாலும் வாய் திறந்துவிட்டது.

"மாமன்மாரு வாராங்க, தண்ணி கொதிச்சுக் கிடக்குது, மாவு எங்க?"

"ஏ… எங்க?"

மாற்றி மாற்றிப் பாடினோம். அவள் என் கண்ணைப் பாடினாள். நான் அவள் செங்கல்லுக்குக் கல்யாணம் செய்துவைத்தேன். பிஸ்விக் கதவைத் தட்டித் தாளம் போட்டார். எத்தனை நேரம் போயிற்றென்று தெரியவில்லை. நடுவில், முந்தானை முடிச்சில் சாவியைத் தேடுவதுபோல என் கோபத்தைத் தேடிப் பார்த்தேன். அது வைத்த இடத்தில் இல்லை. யார் எடுத்தார்கள் என்றும் விளங்கவில்லை.

மெஷின் உறுமியது. "அடுத்தது யாரு?"

என் கைதான் பச்சை பேசினை முன்னால் நகர்த்தியது.

ஃபைனெசி என்னை உற்றுப் பார்த்தாள். "என்னடி, மாமன்மாரு வாராங்கன்னு பாடுனியே?"

"வாராங்கதான்."

"அப்புறம்?"

"தெரியலக்கா."

வேண்டாமென்று அவள் சொல்லவில்லை. தன் சோளத்தை முழுவதும் அரைத்துக்கொண்டாள். ஆனால் போய்விடவுமில்லை. என் மாவு விழும்வரை இருந்து, பேசினை என் தலைக்கு ஏற்றிவிட்டுத்தான் கிளம்பினாள். செங்கல்லைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

திருப்பத்திலேயே வீடு தெரிந்தது. சுவரில் இரண்டு சைக்கிள்கள் சாய்ந்திருந்தன. கூரைக்கு மேலே புகை. வாசலில் தியஞ்சனே இரண்டு கைகளையும் நீட்டியபடி நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் மாமன்மாரில் ஒருவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைக்கிறாரா, தலையிலிருந்து கழற்றுகிறாரா என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. ஓட வேண்டும் என்றுதான் நினைத்தேன். தலையில் மாவு சுட்டுக்கொண்டிருந்தது. கால்கள் மட்டும், அந்தத் தகரம் இன்னும் ஒலிப்பதுபோல, ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அடி என்று வைத்துக்கொண்டிருந்தன.