அவருடைய குதிரை

எங்கள் குதிரைகளை அமெரிக்கச் சிப்பாய்கள் பள்ளத்தாக்கில் அடைத்துச் சுட்டார்கள். எங்கள் கமாஞ்சிக் குடியில் குதிரை இல்லாத ஒருவரை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. பனியில் நடந்தோம். சிப்பாய்களின் கோட்டைக்குப் போய்ச் சரணடைந்தால் இறைச்சியாவது கிடைக்கும் என்றார்கள்.

ஒரு குதிரை மட்டும் தப்பியிருந்தது. தோத்சியாவின் கணவர் அன்று அதன் மேல் இருந்தார். வயிற்றில் குண்டு பாய்ந்த பிறகும் இறங்காமல் எங்களிடம் வந்து சேர்ந்தார். வழியில் இறந்தார்.

பாறை இடுக்கில் முழங்காலை மடக்கி, சூரியன் எழும் பக்கம் பார்த்து அவரை உட்காரவைத்தோம். வில்லை ஒடித்து அருகில் வைத்தோம். அடுத்தது குதிரை. இறந்தவரின் குதிரையை அங்கேயே கொன்று மறு உலகத்துக்கு அவரோடு அனுப்பிவிடுவோம். அது இறந்தவருடைய தம்பியின் வேலை. ஆனால் தம்பி இசாதெக்வா துப்பாக்கியைத் தொடவில்லை. தோத்சியா நிறைமாதக் கர்ப்பிணி.

"சுடு," என்றாள். துக்கத்துக்குத் தலைமுடியை அப்போதுதான் அறுத்து அவர் மடியில் வைத்திருந்தாள்.

"கோட்டை வரைக்கும் எப்படி அண்ணி போவீங்க?"

"காலாலதான்."

"வழியில வலி வந்தா?"

"உங்கண்ணன் மட்டும் அங்க நடந்தா போவாரு? ஆத்துக்குப் போறதுக்கே குதிரை கேக்கிற மனுஷன். வழியெல்லாம் என்னையத்தான் திட்டுவாரு."

இசாதெக்வாவுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு அழுகையும். "பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னையத் திட்டுவாரு. அந்த வாய்க்கு என்னால பதில் சொல்ல முடியாது அண்ணி."

அவள் குதிரையைச் சுற்றி வந்தாள். பிறகு தன் முடியை அறுத்த கத்தியாலேயே அதன் பிடரிமயிரை அறுத்தாள். வால்மயிரையும் ஒட்ட அறுத்தாள். குதிரை அசையாமல் நின்றது. எல்லாவற்றையும் கொண்டுபோய் அவர் மடியில், தன் முடியின் மேல் வைத்தாள்.

"குதிரைக்குப் பதிலா இது போதுமா?" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். கற்களை அடுக்கி இடுக்கை மூடினோம்.

"இப்ப ஏறுங்க," என்றான் இசாதெக்வா.

"மாட்டேன். இது அவரோடது. கேக்காம ஏறக்கூடாது."

இறந்தவரின் பெயரை நாங்கள் சொல்வதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடாமல் அவள் எப்படிக் கேட்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு குதிரையின் பக்கத்திலேயே நடந்தாள்.

பொழுது சாய்கையில் சட்டென்று நின்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குதிரையின் மேல் சாய்ந்து பல்லைக் கடித்தாள். இசாதெக்வா ஓடிவந்தான்.

"கேட்டாச்சா அண்ணி?"

"வாயை மூடிட்டுக் கையைக் குடு."

ஏற்றிவிட்டான். பிடித்துக்கொள்ளப் பிடரிமயிர் இல்லை. கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.