பாடை திருப்பும் அடி

மேளம் உள்ளே போகக்கூடாது என்று ஸ்டேடியத்தின் கேலரி கேட்டில் நின்ற செக்யூரிட்டி அம்மாள் சொன்னபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் தம்பி தீனா சட்டி மேளத்தை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"மேடைல வாசிக்கப்போறேன்க்கா" என்றான் அவளிடம்.

"லிஸ்ட்ல உன் பேரு இல்லியே நைனா, நான் இன்னா பண்ணட்டும்? வச்சிட்டுப் போ, பாத்துக்கறேன்." பேச்சிலேயே தெரிந்தது, எங்கள் பக்கத்துக்காரிதான்.

ராக் பேண்டு வைத்திருக்கும் ஜெனிஷ் ஆறு மாதம் முன்பு வியாசர்பாடியில் எங்கள் வீட்டுக்கு வந்து, இரண்டு நாள் என் கையால் நெத்திலிக் குழம்பு சாப்பிட்டான். தீனா சாவு ஊர்வலத்து அடி முழுவதையும் வாசிக்க, மைக் வைத்துப் பதிவு பண்ணிக்கொண்டான். "ஸ்டேடியத்துல என் பக்கத்துல நீங்கதான் அண்ணா" என்றான். தீனா தெரு முழுக்கச் சொல்லிவிட்டான். கடைசியில் வந்தது மேல்வரிசைக்கு இரண்டு டிக்கெட்.

"பாட்டு வரும்போது கூப்டுவான்க்கா" என்றான் என்னிடம், மேளத்தைக் கேட்டில் கொடுத்துவிட்டுப் புதுச் சட்டையை இழுத்துவிட்டபடி. இந்தப் பழைய ஸ்டேடியத்தின் படிகளைப் புதுப்பித்தபோது சிமெண்டு சுமந்தவர் எங்கள் அப்பா.

ஏழாவது பாட்டில் மேடைக் கம்ப்யூட்டரிலிருந்து, அன்று பதிவு பண்ணிய தீனாவின் கை கேட்டது. அதுவும் எந்த அடி? மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போகிற வழியில், முச்சந்தியில் பாடையை இறக்கித் தலைமாடு கால்மாடு மாற்றும்போது வாசிக்கிற அடி. அதுவரை ஆடிக்கொண்டு வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிடுவார்கள். மூன்று தட்டு, ஒரு மூச்சு மௌனம். இப்படி மூன்று முறை. பிறகு பாடையைத் தூக்கிவிடுவார்கள். குடித்தவன்கூட அந்த நேரத்தில் அசையமாட்டான். போன வருஷம் அப்பாவுக்கு அதை வாசித்ததும் தீனாதான்.

"எங்க பேண்டு கண்டுபிடிச்ச பீட்டு இது! குதிங்க சென்னை!" என்றான் ஜெனிஷ். யாரையும் கூப்பிடவில்லை.

அத்தனை ஆயிரம் பேரும் குதித்தார்கள். படிகள் அதிர்ந்தன.

"கண்டுபுட்ச்சியா நீ? எங்க அப்பன் பொணத்து மேல குதிக்கிறீங்களேடா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். எங்களுக்கு முன்னால் நின்ற பெண் திரும்பி, நானும் சேர்ந்து பாடுகிறேன் என்று நினைத்துக் கைதட்டினாள். அவளை அறைந்திருப்பேன்.

"வாடா, கீழ போய் அவன் சட்டையப் புடிப்போம்" என்று தீனாவை உலுக்கினேன். அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றான். கண் மேடையில் இல்லை.

"இருக்கா. அடி முடியட்டும்."

பல்லைக் கடித்துக்கொண்டு நானும் கழற்றினேன். கீழே கேட்டைப் பார்த்தேன். செக்யூரிட்டி அம்மாள் தொப்பியைக் கழற்றி, தீனாவின் மேளத்தைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். அவள் ஷூவும் பக்கத்தில் கிடந்தது.

மூன்று முறை முடிந்தது. கம்ப்யூட்டர் நிறுத்தவில்லை. நாலாவது முறை, ஐந்தாவது, ஆறாவது. அடி முடியாமல் பாடையைத் தூக்கவும் முடியாது. பகல் வெயிலில் காய்ந்திருந்த, அப்பா சுமந்த சிமெண்டு வெறுங்காலில் சுட்டது.