பதினொன்றும் ஒரு வண்டி உப்பும்

லிடியாவுக்குப் பிடரியில் வலி. பன்னிரண்டு வருஷம் தலையில் உப்பு சுமந்ததால் வந்தது. சுமையை இறக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து மூன்று வருஷம் ஆகியும் வலி மட்டும் இறங்கவில்லை. நிமிர்ந்தால் தோளுக்குப் போகும், குனிந்தால் காதுக்குப் பின்னால் ஏறும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் இரண்டையும் செய்தாக வேண்டும்.

மரக்காணம் உப்பளத்தின் ஓரத்தில் இருந்த பக்தவச்சலத்தின் எடைமேடையில் அவளுக்கு வேலை. வண்டி காலியாக வந்து மேடையில் ஏறும். அந்த எடையை ஏற்றிக்கொள்வாள். வண்டி உப்பளத்துக்குள் போய் மூட்டை ஏற்றிக்கொண்டு வந்து திரும்பவும் ஏறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உப்பு. வாங்குகிறவன் கொடுக்கிற பணமும், ஏற்றின பெண்களின் கூலியும் அந்த வித்தியாசத்தை வைத்துத்தான்.

முந்தின நாள் சாயங்காலம் கோட்டக்குப்பத்திலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் சதீஷ் வந்து, கம்ப்யூட்டரில் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பதினொன்றாம் பதிப்பைப் போட்டுவிட்டுப் போயிருந்தான். "பத்து முடிஞ்சி போச்சுக்கா. இனிமே பதினொன்னுதான். பழசையே வெச்சினு இருந்தா எவன் வேணா உள்ள பூந்துடுவான்" என்றான். இந்த உப்புக் காட்டில் எவன் வந்து எதைத் திருடப் போகிறான் என்று அவளுக்குப் புரியவில்லை.

காலையில் ஆளாளுக்கு வந்து பார்த்தார்கள். பக்தவச்சலம் திரையில் விரிந்திருந்த நீலப் பூவைப் பார்த்துவிட்டு, "நல்லா கல்யாண மண்டபம் மாதிரி இருக்குதே" என்றார். அதோடு அவர் பார்த்தது முடிந்தது. லாரி ஓட்டுகிற பாலகுரு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"இன்னாக்கா, ஸ்டார்ட்டு பட்டன் நடுவுக்கு வந்துடுச்சு? ஓரமா ஒக்காந்திருந்தவன நடுவூட்டுக்குக் கூப்ட்டு ஒக்கார வெச்சுட்டானுங்க."

"என் கைக்கு அது தெரியலயே. மூலைக்கே போவுது."

உண்மைதான். பழைய இடத்தில் அம்புக்குறியைக் கொண்டுபோய் அழுத்தினால், இப்போது அங்கே வானிலை வந்து நின்றது. ஒரு மஞ்சள் சூரியன், பக்கத்தில் வெயில் என்று இங்கிலீஷில் ஒரு வரி. அவள் மூடினாள். மறுபடி கை போனது. மறுபடி சூரியன் வந்தது. எல்லாம் பெரிதாகவும், வழவழப்பாகவும், கொஞ்சம் தாமதமாகவும் இருந்தது. ஒவ்வொன்றும் அரை மூச்சு யோசித்துவிட்டுத்தான் திறந்தது.

பிரிண்டர் சுத்தமாக வேலை செய்யவில்லை. சதீஷுக்குப் போன் போட்டாள்.

"அதுக்கு டிரைவர் போடணும்க்கா. நாளைக்கு வர்றேன்."

ஜன்னலில் நின்ற பாலகுரு, "டிரைவர் நான் இங்கதான இருக்கேன், என்னைப் போட்டுக்கச் சொல்லுக்கா" என்றான்.

"மொதல்ல வண்டிய மேடையில ஏத்து."

காலி வண்டி ஏறியது. எண் வந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றினாள். அன்றைக்கு ஒரே வண்டிதான். ஐப்பசி மழைக்கு முன்னால் அள்ள வேண்டிய கடைசி உப்பு அம்பாரம் அது. வழக்கமாகக் காலி எடையைச் சீட்டாக எடுத்து டிரைவர் கையில் கொடுப்பாள். கூடவே சாக்பீஸால் வண்டியின் பின்பலகையிலும் எழுதுவாள். சீட்டு காற்றில் போனாலும் பலகை இருக்கும். நேற்று மேஜையில் சாக்பீஸ் டப்பாவைப் பார்த்துவிட்டு சதீஷ் சிரித்திருந்தான். "இன்னுமாக்கா இது? எல்லாம் உள்ளயே நிக்கும்." அந்தச் சிரிப்பு அவளுக்குள் கிடந்தது. டப்பாவை எடுக்கப் போன கை பாதியில் நின்றது. சீட்டும் இல்லை, பலகையிலும் இல்லை. வண்டி உள்ளே போய்விட்டது.

உள்ளே ஆராயியும் அவள் ஆட்கள் ஐந்து பேரும் மூட்டை ஏற்றினார்கள். லிடியாவும் ஒரு காலத்தில் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி.

மத்தியானம் கடல் பக்கம் கறுத்தது. திரையின் மூலையில் சூரியன் அப்படியே இருந்தது. அவள் சோற்று டப்பாவை மூடி நிமிர்ந்தபோது நீலப் பூவைக் காணோம். திரை முழுக்கக் கறுப்பு. நடுவில் புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. அப்டேட் நடக்கிறது, முப்பத்தைந்து சதவீதம், கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள் என்று கீழே எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தாள். யார் இதைச் செய்யச் சொன்னது என்று நினைத்தாள்.

அப்போது இடி இடித்தது.

உப்பளத்தில் இடி கேட்டால் பக்கத்தில் இருக்கிற ஆள் மெயின் சுவிட்சை இறக்க வேண்டும். உப்புக் காற்று தின்ற ஒயர்கள். எதில் எப்போது கரண்ட் பாயும் என்று சொல்ல முடியாது. போன வருஷம் மோட்டார் கொட்டகையில் வேலை பார்த்த மாயவனுக்கு முழங்கை வரை கருகியது இடியில்தான். இதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. லிடியாவும் யோசிக்கவில்லை. அணைக்காதீர்கள் என்பதைக் கண் படித்துக்கொண்டே இருந்தது, கை மெயினை இறக்கிவிட்டது. யூபிஎஸ் செத்து வெகு நாளாகியிருந்தது. திரை பட்டென்று இருண்டது.

இடி தெற்கே ஒதுங்கின பிறகு மெயினைப் போட்டாள். புள்ளிகள் வெகுநேரம் சுற்றின. நீலப் பூ வந்தது. எடை போடும் சாப்ட்வேர் மட்டும் திறக்க மறுத்தது. சதீஷுக்குச் சொன்னதும், அவன் கோட்டக்குப்பத்தில் இருந்தபடியே நெட் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் வந்தான். அம்புக்குறி தானாக அலைந்தது. பிறகு போனில் சொன்னான்.

"நேத்து வரைக்கும் இருக்குதுக்கா. இன்னைக்குப் போட்டது போச்சு. நடுவுல ஆஃப் பண்ணீங்களா?"

"இடி இடிச்சுதுப்பா."

"எழுதி வெச்சிருப்பீங்க இல்ல?"

அவள் போனை வைத்துவிட்டாள். வெளியே வரப்புப் பாதையில் பாலகுருவின் வண்டி முக்கிக்கொண்டு வந்தது. மூட்டைகளின் மேல் ஆறு பெண்களும் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வேலை முடிந்தவர்களின் முகம்.

காலி எடை அழிந்துபோனதை லிடியா சொன்னாள். பாலகுருதான் ஆரம்பித்தான்.

"ஆர்சி புக்குல காலி எடை இருக்குதே, அதப் போடு."

"புக்குலயும் பழைய கணக்குலயும் இருக்கறது பழைய பாடி" என்றார் பக்தவச்சலம். "நீ இரும்புத் தகடு அடிச்சப்புறம் இன்னைக்குத்தான மொதல்ல எடை போட்டோம்? போன தடவ நூறு கிலோ வித்தியாசத்துக்கு அந்த வியாபாரி என்னைக் கோர்ட்டு வரைக்கும் இழுக்கறேன்னான். ஏம்மா லிடியா, நெனப்பு இல்லயா?"

"நாலாயிரத்து எழுநூத்துச் சொச்சம். அறுநூறாகூட இருக்கும்."

"காலி எடைய கூடப் போட்டா எங்க கூலி போவும். கொறைச்சுப் போட்டா அவன் சண்டைக்கு வருவான்" என்றாள் ஆராயி, வண்டி மேலிருந்தே. "அந்தப் பொட்டி இன்னா சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லலக்கா."

"நேத்து பதினொன்னுன்னு குதிச்சீங்களே. பத்துலயே கெடக்க வேண்டியதுதான?"

பக்தவச்சலம் வானத்தைப் பார்த்தார். மழை பிடித்துவிட்டால் வண்டி இந்த மண்ணில் இறங்கிவிடும். பிறகு நாலு நாளைக்கு அசையாது. "எறக்கிட்டு காலி எடை பாத்து ஏத்துங்க. வேற வழியில்ல. ஒரு வண்டிக்கு ஒரு ஏத்துகூலிதான், இப்பவே சொல்லிட்டேன்."

"எறக்கறது யாரு கணக்கு?" என்றாள் ஆராயி.

அவர் லிடியாவைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

தார்ப்பாய் விரித்து மூட்டைகளை இறக்கினார்கள். ஆராயிக்கு முழங்கால் மடங்கவில்லை. பக்கவாட்டில் காலை வீசி வீசி நடந்தாள். லிடியா சும்மாட்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு போய் நின்றாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு மூட்டை போனது. மூன்றாவது தலையில் ஏறியதும் பிடரியில் கம்பியை விட்டுத் திருகியதுபோல் இருந்தது. அவள் நடுவில் நின்றுவிட்டாள், கழுத்தைத் திருப்பவும் முடியவில்லை. ஆராயி வந்து மூட்டையைத் தன் தலைக்கு மாற்றிக்கொண்டாள். "போய் ஒக்காரு. நீ வுழுந்தா உன்னையும் நாங்கதான் தூக்கணும்."

காலி வண்டி ஏறியது. நாலாயிரத்து எழுநூற்று நாற்பது. கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு முன்னால் லிடியா பின்பலகையில் எழுதினாள். சாக்பீஸ் ஈரத்தில் வழுக்கியது. மேலேயே இரண்டு தரம் எழுதினாள். தூறல் விழத் தொடங்கியபோது பெண்கள் மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இந்த முறை அவர்கள் மூச்சு வாங்குவது அறை வரைக்கும் கேட்டது.

பார எடையும் பார்த்து வண்டி ரோட்டில் ஏறிப் போன பிறகு ஆராயி அறை வாசலில் வந்து நின்றாள். முந்தானையைப் பிழிந்தாள்.

"எப்ப தருவ?"

"இன்னாக்கா?"

"தெரியாத மாதிரி கேக்காத. ஒருத்தியால ரெண்டாவது தூக்கு வந்தா அவ நமக்குப் பதிலா தூக்கணும். நீ இருந்தப்பவும் அதானே வழக்கம்?"

"கழுத்து தாங்கலக்கா. காசா வாங்கிக்கயேன்."

"காச வெச்சிக்க. எனக்கும் கழுத்துதான் இருக்குது. ஒரு நாளு நான் ஒக்காரணும், நீ தூக்கணும். என்னைக்குன்னு நீயே சொல்லு." பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். மற்ற ஐந்து பேரும் அவள் பின்னால் மழையில் நடந்தார்கள்.

லிடியா உட்கார்ந்தாள். திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் எழும்பியது. புது சிஸ்டம் எப்படி இருக்கிறது, உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டு ஐந்து நட்சத்திரங்களைக் காட்டியது. மூட வேண்டிய குறி எங்கே இருக்கிறது என்று தேடினாள், கிடைக்கவில்லை. விட்டுவிட்டுப் பிடரியைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு வண்டி உப்பு, இறக்கி ஏற்றியது. ஆராயிக்கும் மற்ற ஐந்து பேருக்கும் லிடியா பாக்கி.